குறையாத கேன்

என் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. சிறுநீரக வியாதியைச் சொல்லவில்லை. அது பிறகு வருகிறது. குறையாக இருக்கும் எந்தப் பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. அதுதான் முதல் வியாதி. அவள் வீட்டில் எண்ணெய்ப் பாட்டில் கழுத்து வரை இருக்கும். தண்ணீர்க் குடம் விளிம்பு வரை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அரை டம்ளர் சர்க்கரை கேட்டால் முழு டம்ளர் போகும், அதுவும் கோபுரமாக. அவள் தரும் டீயை விரல் சுடாமல் வாங்குவதற்குத் தனியாகப் பழக வேண்டும். "கொஞ்சம் குறைச்சு ஊத்தேன்க்கா" என்றால், "குறைச்சு ஊத்த நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்பாள்.

அவளுக்கு வேலை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். சட்டைக் காலர் தைக்கிறாள். இத்தனை வருடத்தில் காலரைத் தவிர சட்டையின் வேறெந்தப் பாகத்தையும் அங்கே அவள் தொட்டதில்லை. வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். தைத்து, புரட்டி, முனையைக் குச்சியால் குத்தி நிமிர்த்தி, மேல் தையல் ஓட்டிப் பெட்டியில் போட வேண்டும். மணிக்கு இத்தனை என்று டார்கெட். அக்காவுக்குக் கை வேகம். பக்கத்து மெஷின்காரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சூப்பர்வைசர் எண்ண வருவதற்குள் அக்காவின் பெட்டியிலிருந்து ஒரு பிடி காலர் அந்தப் பெட்டிக்கு மாறியிருக்கும். கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. "பெட்டி நெறஞ்சா அந்தாளு வாய் மூடும். யார் தச்சா என்ன, காலர் காலர்தானே?" என்பது அவள் நியாயம். இந்த நியாயத்தை மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுத் தலைவலி முழுவதும் இதில்தான் முளைத்தது.

அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு கூத்து. கழிவறைக்குப் போக ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, ஒரே ஒரு டோக்கன். சுவரில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். அது தொங்கினால் போகலாம், இல்லாவிட்டால் போனவள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் வீட்டில் குடிக்கும் டீயோடு சரி. சாயங்காலம் திரும்பும்வரை தண்ணீரைத் தொட மாட்டாள். "குடிச்சாதானே போகணும்?" என்பாள். ஊருக்கெல்லாம் நிரப்பி ஊற்றுகிறவள் தன் வாய்க்கு மட்டும் மூடி போட்டு வைத்திருந்தாள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், இடுப்பு வலிக்கும். மருந்துக்கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் காலர் தைக்கப் போய்விடுவாள்.

அவள் கணவர், என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் இருப்பார், இல்லாவிட்டால் கூண்டின் தலைமேல் நிற்பார். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'குழி'. கண் மங்குகிறதே என்று கண்ணாடி வாங்கப் போனார். கண் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள் என்று அனுப்பினார். அழுத்தம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கிருந்து ரத்தப் பரிசோதனை, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதி வேலைதான் செய்கிறது என்றார்கள். "கண்ணாடி வாங்கப் போனவன் கிட்னியக் குடுத்துட்டு வந்தேன் மாப்ளே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது? ஆனால் அவர் அப்படித்தான்.

அந்த நேரத்தில் அந்தப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. உப்பை நன்றாகக் குறைத்து, அழுத்த மாத்திரையை அளவு பார்த்துக் கூட்டி, நோயாளியை அடிக்கடி அழைத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெடுவதை எவ்வளவு தள்ளிப் போடலாம் என்று பார்ப்பதற்காக. அத்தானைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து அவர்களே தருவார்கள், பரிசோதனை அவர்களே செய்வார்கள். எல்லாவற்றையும் விட, உட்கார நாற்காலி உண்டு. டாக்டரம்மா முகம் பார்த்துப் பேசுவார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பொது வரிசை நிற்பதை அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டாள். சுவரில் சாய்ந்தும் தரையில் குந்தியும் காத்திருக்கும் கூட்டம். மேலே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, என்ன ஆனாலும் சரி. இவரு இந்த ஸ்டடிலயே இருக்கணும்டா. அங்க கீழ போனா இவரு பொறுமைக்கு ரெண்டாவது நாளே மாத்திரைய விட்டுடுவாரு" என்றாள். அவள் சொன்னது நிஜம். அத்தான் பொறுமை அவ்வளவுதான்.

அந்த ஸ்டடியில் ஒரே ஒரு தொல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு நாள் காலையில் எழுந்ததும் போவதைக் கீழே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதலில் போவது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். அதில் உப்பு எவ்வளவு வெளியே போகிறது, புரதம் எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். நல்ல சிறுநீரகம் புரதத்தை விடாது. கெட்ட சிறுநீரகம் ஓட்டை வடிகட்டி போல விட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவும் கேன் நர்ஸ் எங்களுக்குச் சொன்னது. நர்ஸுக்குப் பெயர் நாங்கள் வைத்ததுதான். கேன் கொடுப்பதும் கேன் வாங்குவதும் கேனுக்காகத் திட்டுவதும் அவர் வேலை.

லிஃப்ட் மெக்கானிக் எங்கே போய் ஒரு நாள் முழுக்கக் கேனில் பிடிப்பது? முதல் தடவை அத்தான் கேனைக் கருவிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கூட வேலை செய்கிறவர்கள் கிரீஸ் டப்பா என்று திறந்து பார்த்துவிட்டார்கள். அதோடு சரி, மானம் போய்விட்டது என்று கேனை வீட்டிலேயே விட்டுவிட்டார். காலையும் மாலையும் போனது மட்டும் கேனில் விழுந்தது, பகலில் போனதெல்லாம் ஊரார் கட்டடங்களுக்குப் போயிற்று. இரண்டாவது தடவையும் இதே கதை.

அந்த இரண்டாவது கேனை வாங்கித் தூக்கிப் பார்த்த நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, இது என்ன, ஒரு நாள் கணக்கா? பூனை கூட இதைவிட அதிகமாப் போகும். போன தடவையும் இப்படித்தான். ஒரு மனுஷன் உடம்புலேர்ந்து ஒரு நாளைக்கு இவ்வளவு கழிவு வெளிய வரணும்னு லேப்ல ஒரு கணக்கு இருக்கு. அது வரலன்னா கலெக்ஷன் முழுசா இல்லன்னு அர்த்தம். இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா உங்களை ஸ்டடிலேர்ந்து எடுத்துருவாங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அத்தான் கூரையைப் பார்த்தார். அக்காதான் கேட்டாள். "எவ்வளவு வரணும் சிஸ்டர்?"

நர்ஸ் வெறுப்பில் கேனைத் திருப்பி, பக்கத்தில் ஓடும் அளவுக் கோடுகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இந்தக் கோடு வரைக்காவது வரவேணாமா?"

ஏதோ வாய்க்கு வந்த கோடு அது. அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் நான். விடியற்காலையில் கடைகளுக்கு ரொட்டி போட்டு முடித்தால் பகலில் எனக்கு வேலை இல்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குத் துணை எப்போதும் நான்தான். நர்ஸ் விரல் வைத்த இடத்தை அக்கா பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சூப்பர்வைசர் பலகையில் டார்கெட் எழுதும்போது தையல்காரிகள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை விடுமுறை நாளில் பிடிக்கலாம் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். அத்தான் வீட்டிலேயே இருந்தார். காலை வேளை ஒழுங்காகப் போயிற்று. மத்தியானம் போன் வந்தது. எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம்தான் திரும்பினார். போன இடத்தில் மனிதனுக்கு வந்தது வந்துதானே தீரும்?

அக்கா கேனைத் தூக்கிப் பார்த்தாள். கோடு எங்கேயோ இருந்தது, தண்ணீர் எங்கேயோ இருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் எடுத்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் லேபில் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் இருந்தது. எனவே கேனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வரும்போது கேன் கோட்டைத் தொட்டிருந்தது. காலர் காலர்தானே?

அந்தக் கேனை லேபில் அளந்தார்கள். மொத்தக் கழிவு கணக்குக்குச் சரியாக வந்தது. நர்ஸ் முகமெல்லாம் பல். "பாத்தீங்களா ஐயா, மனசு வச்சா முடியுதுல்ல!" அத்தானும் பெருமையாகத் தலையாட்டினார். பாவி மனிதருக்கு ஒன்றும் தெரியாது. தன் கேன் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கிறதென்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. புரதம் திடீரென்று ஏறியிருக்கிறது என்றார். அழுத்த மாத்திரையைக் கூட்டினார். உப்பை இன்னும் குறைக்கச் சொன்னார்.

அடுத்த தடவையும் கேன் குறைந்தது, அக்கா நிரப்பினாள். அதற்கடுத்த இரண்டு தடவையும். ஒவ்வொரு தடவையும் புரதம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் மாத்திரை கூடியது. வீட்டில் சண்டை ஆரம்பமானது. உப்பில்லாச் சோற்றைப் பிசைந்துகொண்டு அத்தான், "இதைத் தின்னுட்டு உசுரோட இருக்கணுமாடீ?" என்பார். "வெளிய எங்கயோ உப்பா வாங்கித் திங்கறீங்க. இல்லன்னா ஏன் ஏறுது?" என்று அக்கா அவர் சட்டைப் பையைத் துழாவுவாள், கருவிப் பையைத் துழாவுவாள். ஸ்பானரும் மின்கம்பியும்தான் கிடைக்கும். என்னிடம் தனியாக, "நீயே கேளுடா, உன்கிட்ட மறைக்க மாட்டாரு" என்றாள். நானும் கேட்டேன். அத்தான் என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அந்த ஆள் வாயை யார் நம்புவது என்று நினைத்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆராய்ச்சி அவருக்காக, மாத்திரை அவருக்காக, அக்கா சாப்பிடும் உப்பில்லாச் சோறும் அவருக்காக, அவர் மட்டும் ஏமாற்றுகிறார் என்று.

அக்கா கால் வீங்கியிருந்தது அந்தச் சமயத்தில்தான். செருப்புவார் பதிந்த தடம் வெகுநேரம் போகாமல் இருக்கும். "நாள் முழுக்க மெஷின்ல உக்காந்தா வீங்காதா?" என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். பேச்சு மறுபடி அத்தானுக்குப் போய்விடும்.

பிறகு ஒரு நாள் அத்தான் கூண்டின் தலைமேல் நின்று கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. நல்லவேளை, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர் மெதுவாகக் கூண்டை இறக்கி வெளியே இழுத்தார். ரத்த அழுத்தம் தரைமட்டத்தில் கிடந்தது. கம்பெனி அவரை இனிமேல் குழியில் இறக்குவதில்லை, மேலே ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தது. ஆபீசில் ஒரு மேசையும் போனும் கொடுத்து, 'லிஃப்ட் நின்னுபோச்சு' என்று அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் போட்டார்கள். அந்த மனிதர் முகம் அன்று செத்துப்போனதைப் பார்த்தேன். "நின்னுபோன லிஃப்ட்டுக்கு நானே நின்னுபோய் பதில் சொல்றேன் மாப்ளே" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டாக்டரம்மா குழம்பினார். ரத்தத்தில் பார்த்தால் சிறுநீரகம் முன்பு இருந்தபடியே இருக்கிறது. கேனில் மட்டும் புரதம் கொட்டுகிறது. இனிமேல் ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் என்ன நோயென்று தெரியும் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டில் அவர் கட்டில் ஜன்னல் ஓரம். ஊசி போடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும் என்று அங்கேயே ஒரு கேனை வைத்து, போகும்போதெல்லாம் வார்டு நர்ஸ் கூடவே நின்று பிடிக்க வைத்தார். அத்தான் கூச்சத்தில் நெளிந்தார். அக்கா லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேனைத் தொட வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மாவே கட்டிலுக்கு வந்தார். கோபமா குழப்பமா என்று தெரியாத முகம். கூடக் கேன் நர்ஸ்.

"ஐயா, இந்தக் கேன்ல புரதம் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. நீங்க முதல்ல சேரும்போது இருந்த அளவுதான். வீட்டுலேர்ந்து வந்த கேன்ல மட்டும் எப்படி இவ்வளவு இருந்துச்சு? ஊசி எல்லாம் இப்ப வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல அந்தக் கேன்ல வேற ஏதாவது சேந்துச்சா?"

"அதுல வேற என்ன டாக்டர் சேரும்? சாம்பாரா வைக்கப் போறோம்?" என்றார் அத்தான்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சேலைத் தலைப்பைக் கயிறு போல முறுக்கினாள்.

"அது... குறைஞ்சுதுங்க. இவரு வேலைக்குப் போயிட்டா குறையுது. ஸ்டடிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதான் கோடு வரைக்கும் நான்..."

கேன் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் அக்காவையே பார்த்தார். "அடிப்பாவி" என்றார், அதுவும் மெதுவாக. எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏன்க்கா, உனக்கு மூளை இருக்கா? அந்த மனுஷன் மேலேர்ந்து விழுந்து செத்திருப்பாரு! வேலை போச்சு, சோத்துக்கு உப்புப் போச்சு, எல்லாம் உன்னால!" என்று வார்டு என்றும் பாராமல் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, சூப்பர்வைசர் முன்னால் நிற்பதைப் போல நின்றாள்.

டாக்டரம்மா என்னைக் கையமர்த்தினார். அக்காவின் முகத்தையும் பிறகு காலையும் பார்த்தார். "அம்மா, உங்களுக்குக் கால் எப்பலேர்ந்து வீங்குது? போகும்போது நுரைக்குதா?"

"கேன்ல நுரைச்சுதுங்க. சோப்புப் போட்டுக் கழுவினது சரியாப் போகல போலன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேனில் கொட்டிய புரதம் யாருடையது என்று அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, அக்கா ஒருத்தியைத் தவிர. அவள் இன்னும் திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். என் அக்காவின் நோய்க்கு அத்தான் ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்.

அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிவைச் சொல்ல டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் ஆராய்ச்சி அறையில், அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார். அக்காவின் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. அத்தானுடையது பாதி வேலை செய்கிறதென்றால் இவளுடையது அதில் பாதிகூட இல்லை. அடிக்கடி வந்த நீர்க்கடுப்பு, வலி மாத்திரை, தண்ணீர் குடிக்காதது, எல்லாம் சேர்ந்திருக்கலாம். இந்த நிலையில் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"அப்ப இவளையும் இந்த ஸ்டடில சேத்துக்குங்க டாக்டர்" என்றார் அத்தான். "எனக்குப் பதிலா இவ இருக்கட்டும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஐயா, உங்களையே இனிமே வச்சுக்க முடியாது. ஒரு வருஷக் கணக்கு முழுக்கக் கலந்து போச்சு. ஒண்ணும் உபயோகப்படாது, தள்ளிடுவாங்க. இவங்களைச் சேர்க்கணும்னா கிட்னி இந்த அளவுக்கு மேல வேலை செய்யணும்னு ஒரு விதி இருக்கு. இவங்களுக்கு அது இல்ல."

அக்கா நிமிர்ந்தாள். அன்று முழுவதும் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "எவ்வளவுங்க குறையுது?"

அதைக் கேட்டு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நிறையக் குறையுதும்மா" என்றார். பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நான் இன்று வரை நினைக்கும் ஒன்றையும் சொன்னார். "முதல் தடவை உங்களோடது கலந்து வந்துச்சே, ஒரு வருஷம் முன்னாடி, அப்பவே தனியாப் பாத்திருந்தா ஒருவேளை அளவுக்குள்ள இருந்திருப்பீங்க. மருந்தாலயும் நிறையச் செஞ்சிருக்கலாம்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாடிப்படிக் கைப்பிடியை ஓங்கிக் குத்தினேன், கைதான் வீங்கியது. யாரைத் திட்டுவது? வாய்க்கு வந்த கோட்டில் விரல் வைத்த நர்ஸையா? ஒரு லைனுக்கு ஒரு டோக்கன் மாட்டியவனையா? விடுமுறை நாளில் போன் எடுத்த அத்தானையா? அக்காவின் நோய் ஒரு வருடம் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. லேபுக்குப் போனது, அளந்தார்கள், அதற்கு மருந்துகூடக் கொடுத்தார்கள். அவள் ஒருத்திதான் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அத்தானின் மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். தலைச்சுற்றல் நின்றது. தனக்கு நோய் ஏறவில்லை என்று தெரிந்தபோது அவர் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். உடனே அக்காவைப் பார்த்து அதை அணைத்துக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் கீழ்த்தளத்துப் பொது வரிசைதான். பொறுமையில்லாத மனிதர் சுவரில் சாய்ந்து நிற்கிறார், அவளைக் குந்த வைத்துவிட்டு.

முதல் நாளே அங்கே அவளுக்கும் ஒரு கேன் கொடுத்தார்கள். எவ்வளவு புரதம் போகிறதென்று அளந்துதான் மருந்து ஆரம்பிக்க வேண்டும். தொழிற்சாலையில் நடக்காது, டோக்கன் இருக்கிறதே. எனவே இவளுக்கும் விடுமுறை நாள்தான். நான் ரொட்டி போட்டுவிட்டு நேராக அங்கே போனேன். அத்தான் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல்காரன் போல உட்கார்ந்திருந்தார். மத்தியானம், இனிமேல் மேலே ஏற்றுவதில்லை என்று சொன்ன அதே கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது, போக ஆள் இல்லை, வர முடியுமா என்றார்கள். "வேற ஆளப் பாருங்க. இங்க எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார். அக்கா கண்ணால் அவரைக் கடிந்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது அக்கா குளியலறை வாசலில் கேனோடு நின்றிருந்தாள். பாதிகூட வரவில்லை. கேனைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதான்டா வருது. நர்ஸ் திட்டுவாங்களே."

"கொறைஞ்சா சொல்லு, நான் வேணா ஊத்தித் தரேன்" என்றார் அத்தான். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கேனை விடாமல் குழாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அக்கா! உன்னோடது எவ்வளவோ அவ்வளவுதான். குறைஞ்சா குறையட்டும். அப்படியே மூடு!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டு மூடியை எடுத்துத் திருகினாள். மூடிவிட்டு இறுகியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திருகினாள்.

ரொட்டி வண்டியில் அதை ஏற்ற முதலாளி விடமாட்டார். பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கேனைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவள் நிரப்பிக் கொண்டுபோன கேன்கள் இத்தனை நாளும் வாயைத் திறந்ததே இல்லை. இது பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தளக் தளக்கென்று சத்தம் போட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் கேனை அணைத்துக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை.

"குறைகுடம் கூத்தாடுது பாருடா" என்றாள் என் காதோரம். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்க்கா."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வரும்வரை அது சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.